ஏழாம் நம்பர் காட்டில் வைத்த கேமரா

நெகடிவில் நிறங்கள் இடம் மாறிக்கொள்ளும். கறுப்பு வெளுப்பாகும், வெளுப்பு கறுப்பாகும். அதனால் முதலில் பார்த்தபோது என் மனைவியின் தலைமுடி நரைத்தும் முகம் கரியாகவும் தெரிந்தது. அவள் கையைப் பிடித்திருந்த என் மகள் ரம்யாவின் பற்கள் கறுப்பாக இருந்தன. சிரித்துக்கொண்டே நடந்திருக்கிறாள்.

அடுத்த கட்டத்தில் அவர்கள் இல்லை. அதே பாதை, அதே புதர், அதே ஈரக் கல். அவர்கள் கால் வைத்த இடத்தில் ஒரு மிருகம் நின்றது. கறுத்த உடம்பு, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி. தலையைத் தாழ்த்தி, அவர்கள் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மதியம் ஒரு மணி. குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே ஆரோக்கியசாமி அண்ணனின் ஸ்டூடியோ. பின்னறையில் படம் கழுவும் ஹைப்போ மருந்தின் நெடி. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கி, எதிர்க்கடையின் போர்டுகூடத் தெரியவில்லை. கழுவிய பிலிம் சுருளைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டிருந்தோம். அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“ராஜு, இது தெய்வானைதானே?” என்றார் அண்ணன்.

“ஆமாங்ணா.”

“அந்தக் காட்டுக்குள்ள ஆளே போறதில்லைன்னு சொன்னியேப்பா?”

பூதக்கண்ணாடியை அவர் கையிலிருந்து வாங்கினேன். அந்த இரண்டு கட்டத்தையும் மறுபடி பார்த்தேன்.

தேயிலை ருசி பார்க்கிறவர்களைப் பற்றிப் போன வாரம் இந்தத் தொடரில் நான் எழுதியதைப் படித்துவிட்டு மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: மலையில் இருந்த இத்தனை வருடத்தில் நீங்கள் பயந்ததே இல்லையா? நியாயமான கேள்வி. குளிர், அட்டைக்கடி, பஸ்ஸை மறித்த யானை என்று எல்லாவற்றையும் வேடிக்கையாகவே இங்கே சொல்லி வந்திருக்கிறேன். பயந்த கதையை ஒதுக்கி வைத்திருந்தேன். எழுதலாமா என்று தெய்வானையிடம் கேட்டேன். “எழுதுங்க. ஆனா என்னைய வீராங்கனையாட்டம் எழுதிப்போடாதீங்க” என்றாள்.

நோண்டிகள்

நான் அப்போது ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆரோக்கியசாமி அண்ணனின் பின்னறையில் நாங்கள் நாலு பேர் கூடுவோம். கடையில் வாங்கிய பொருளை வாங்கியபடியே வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் என்பதுதான் எங்களுக்குள் ஒற்றுமை.

பாங்கு குமாஸ்தா ஒருவர், பழைய ராணுவ பைனாகுலரை இரண்டாக அறுத்து ஒரு பாதியைத் தன் கேமராவுக்கு லென்ஸாக மாட்டினார். மறுபாதியை அவர் மனைவி எடுத்துக்கொண்டார். அதில் அந்த அம்மாள் என்ன பார்த்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. இன்னொருவர் பள்ளிக்கூட வாத்தியார். பங்களாக்களைக் காலி செய்யும்போது ஏலத்துக்கு வரும் மடக்குக் கேமராக்களைச் சேர்ப்பவர். ஒவ்வொன்றின் துருத்தித் தோலையும் பிரித்தெறிந்துவிட்டுக் கறுப்புக் குடைத்துணியில் புதிதாகத் தைப்பார். தையல் அவ்வளவு நேர்த்தியாக இருக்கும். “டெய்லரா போயிருந்தா நாலு காசு பார்த்திருக்கலாம் சார்” என்று அண்ணன் கிண்டல் செய்வார்.

அண்ணனே பெரிய நோண்டி. கல்யாணப் படம் எடுத்துச் சம்பாதித்ததையெல்லாம் எதையாவது பிரித்துப் பார்க்கச் செலவழித்தவர். மாதா கோயில் திருவிழாவுக்கு, தையல் மிஷின் பெடலை மிதித்தால் படம் எடுக்கும் கேமரா ஒன்றைச் செய்தார். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. கை இரண்டும் சும்மா இருக்கும் அல்லவா என்றார்.

நோண்டிகள் என்பது தெய்வானை எங்களுக்கு வைத்த பெயர்.

என் பொருள் ஒரு ரஷ்யக் கேமரா. செங்கல் மாதிரி கனம். கீழே போட்டாலும் தரைக்குத்தான் சேதம். அதை வைத்து நான் செய்ய ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. நான் பக்கத்தில் இல்லாமலே அது படம் எடுக்க வேண்டும்.

ஆள் பறிக்காத தேயிலை

பச்சைத் தேயிலை விலை விழுந்துகொண்டே போன வருடங்கள் அவை. பறிக்கிற கூலிக்கே தேறாது என்று சிறு விவசாயிகள் இலையைச் செடியிலேயே விட்டார்கள். பெரிய எஸ்டேட்டுகள் கொஞ்ச காலம் தாக்குப் பிடித்தன. எங்கள் தொழிற்சாலை முதலில் வாரத்துக்கு நாலு நாள் ஓடியது. பிறகு இரண்டு நாள். ஒரு மழைக்காலத்தில் ரோலர்கள் நின்றன, அப்புறம் ஓடவே இல்லை. எந்நேரமும் வறுத்த தேயிலை மணம் வீசிய வரிசையாய்க் கட்டிய எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளில் ஈரச் சுவரின் வாடை மட்டும் மிஞ்சியது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தேயிலை இயல்பில் மரம். இடுப்பளவில் வெட்டி வெட்டித்தான் அதைச் செடியாக வைத்திருக்கிறோம். ஒரு வருடம் கத்தி படாவிட்டால் ஆள் உயரம். இன்னொரு வருடம் விட்டால் இரண்டு ஆள் உயரம். வரிசைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். உள்ளே பகலிலும் வெளிச்சம் இருக்காது.

எஸ்டேட் பேச்சில் தோட்டத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ‘காடு’ என்றுதான் பெயர். முதலாம் நம்பர் காடு, இரண்டாம் நம்பர் காடு. ஏழாம் நம்பர் காடு எங்களுக்கும் பக்கத்து எஸ்டேட்டுக்கும் நடுவில் இருந்தது. அந்த வருடங்களில் அது நிஜமாகவே காடாகிவிட்டது. முதலில் காட்டுப்பன்றி வந்தது. பிறகு லைன் வீட்டு நாய்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சிறுத்தை என்றார்கள். யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

தெய்வானைக்கு அப்போதுதான் பக்கத்து எஸ்டேட்டின் பிள்ளைக் காப்பகத்தில் ஆயா வேலை கிடைத்திருந்தது. ரம்யா இரண்டாம் வகுப்பு. அவள் பள்ளிக்கூடமும் அங்கேதான். ஏழாம் நம்பர் காட்டின் குறுக்கே போனால் அரைமணி. ஜீப் ரோட்டில் சுற்றிப் போனால் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. முன்பு எஸ்டேட் லாரி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். தொழிற்சாலையோடு அதுவும் நின்றுவிட்டது.

“ஏழாம் நம்பருக்குள்ள கால் வைக்கப்படாது. ரோட்டு வழியாத்தான் போகோணும்” என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்.

“சரிங்க” என்றாள்.

அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஏழு வயதுப் பிள்ளை தினமும் காலையும் மாலையும் அத்தனை தூரம் நடக்குமா என்று நான் கணக்குப் போட்டுப் பார்க்கவே இல்லை. வேலை இல்லாத எனக்குக் கை நிறைய நேரம் இருந்தது. அந்தச் சிறுத்தையைப் படம் பிடிக்க வேண்டும் என்ற வெறி இருந்தது.

பெட்டி

எப்படிச் செய்தேன் என்று நோண்டும் குணமுள்ள வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேயிலைப் பெட்டியின் ஓரத்தில் அடிக்கும் தகரப் பட்டைகள் இரண்டை, நடுவில் ஸ்பாஞ்சுத் துண்டு வைத்து மண்ணுக்கடியில் புதைத்தேன். யாராவது மிதித்தால் தகரமும் தகரமும் தொடும். தொட்டால் காலிங் பெல்லிலிருந்து எடுத்த காந்தம் கேமராவின் பட்டனை அமுக்கும். பிறகு, உடைந்த வேனிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டார் மெதுவாகச் சுற்றிப் பிலிமை அடுத்த கட்டத்துக்கு நகர்த்தும். அதற்கு நாற்பது விநாடி ஆகும். இருட்டில் வேலை செய்யாமல் இருக்க ஒரு ஏற்பாடு. சத்தம் வெளியே வராமல் இருக்கப் பழைய ரஜாய்ப் போர்வையில் சுற்றி, எல்லாவற்றையும் மரப்பெட்டிக்குள் வைத்துப் புதரில் மறைத்தேன்.

நான் மிகவும் பெருமைப்பட்டது இன்னொன்றுக்கு. லென்ஸுக்கு முன்னால், ஓரமாக, ஒரு மலிவான டிஜிட்டல் கைக்கடிகாரத்தைக் கட்டினேன். அதன்மேல் மூக்குக்கண்ணாடிச் சில்லு ஒன்றை ஒட்டியதால், ஒவ்வொரு படத்தின் மூலையிலும் கிழமையும் மணியும் விழும். விலைகூடிய கேமராவில்தான் அந்த வசதி உண்டு. என்னுடையது ஓசியில் வந்தது.

ஏழாம் நம்பர் காட்டின் நடுவே ஓடைக்கல் பக்கம் ஒற்றையடித் தடம் ஒன்று தெரிந்தது. புல் மிதிபட்டிருந்தது. மிருகம் போகும் தடம் என்று முடிவு கட்டினேன். ரப்பர் செருப்பின் அச்சு ஏதாவது இருக்கிறதா என்று குனிந்து பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பிலிமில் முப்பத்தாறு படம். இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, தெய்வானையும் பிள்ளையும் கிளம்பிப் போன பிறகு, போய்ப் பார்த்தேன். பிலிம் தீர்ந்திருந்தது. மகிழ்ச்சியில் அங்கேயே குந்தி உட்கார்ந்து, புதருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பத்து நிமிடம் நிதானமாகக் கேமராவைக் கழற்றினேன். அந்தப் பத்து நிமிடத்தை இப்போது நினைத்தாலும் பிடரி சில்லிடுகிறது.

பத்து மணி பஸ்ஸில் குன்னூர் வந்தேன்.

மூலையில் இருந்த மணி

பிலிமை முதலிலிருந்து பார்த்தோம். முதல் நாலைந்து கட்டத்தில் பன்றி, ஒரு முயல், காற்றில் விழுந்த கிளை. பிறகு தெய்வானையும் ரம்யாவும். காலை ஏழேகால் வாக்கில் போகிறார்கள். மாலை நாலேகால் வாக்கில் வருகிறார்கள். தினமும்.

கடைசி ஆறு நாட்களின் மாலையில் மட்டும் மூன்றாவதாக ஒரு ஆள், அந்தச் சிறுத்தை.

அண்ணன் பூதக்கண்ணாடியில் மணியைப் படிக்கப் படிக்க நான் ஸ்டூடியோ ரசீதின் பின்பக்கம் எழுதினேன். முதல் நாள் அவர்கள் கடந்து போய் இருபது நிமிடம் கழித்து அது வந்திருக்கிறது. மறுநாள் பதினாலு நிமிடம். அடுத்து ஒன்பது. அடுத்து ஆறு. அடுத்து மூன்று.

கடைசி மாலை. அவர்கள் கடந்தது நாலு இருபத்திரண்டு. அது வந்தது நாலு இருபத்து மூன்று.

“ஒரு நிமிஷம்” என்றார் அண்ணன், மெதுவாக.

மோட்டார் சுற்றி முடிக்கவே நாற்பது விநாடி ஆகும். அதற்கும் முன்னால் அது வந்து நின்றிருந்தால் கேமராவுக்குத் தெரிய வழியில்லை. அது எனக்குத்தான் தெரியும், செய்தவன் நான்.

“ராஜு, இந்தக் கடைசிப் படம் என்னைக்கு எடுத்தது?”

கிழமையைப் பார்த்தேன். திங்கள். அன்று வியாழன். அதோடு பிலிம் தீர்ந்துவிட்டது. செவ்வாயும் புதனும் என்ன நடந்தது என்று எந்தப் படமும் இல்லை. நேற்று மாலை இரண்டு பேரும் வீடு வந்து சேர்ந்தார்கள், அது மட்டும் தெரியும். தெய்வானை வழக்கத்தைவிடக் குறைவாகப் பேசினாள். அலுப்பு என்று நினைத்தேன்.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை. அவர்கள் ஓடைக்கல்லைக் கடக்க மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது.

அண்ணன் தந்தி ஆபீஸ் பக்கத்துக் கடையிலிருந்து தெய்வானை வேலை செய்த எஸ்டேட்டுக்கு போன் போட்டார். மணி அடித்தது, எடுக்க ஆளில்லை. அங்கே ஆபீஸ் குமாஸ்தாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. “நீ போ. நான் போட்டுக்கிட்டே இருக்கேன்” என்றார். ஈரம் காயாத பிலிமில் கடைசி நாலு கட்டத்தைக் கத்தரித்து, ஒரு தாளில் சுற்றி என் சட்டைப்பையில் வைத்தார். எதற்கு என்று அப்போது புரியவில்லை. “யாராச்சும் நம்பலைன்னா காட்டு” என்றார்.

மறியல்

ஒன்று நாற்பது பஸ் சரியாகத்தான் கிளம்பியது. முக்கால்வாசி தூரம் போனதும் வளைவில் நின்றது. முன்னால் ஏழெட்டு வண்டிகள். அதற்கும் முன்னால் ரோட்டில் கற்கள், கல்மேல் உட்கார்ந்த ஜனங்கள். இலைக்கு விலை கேட்டுச் சுற்றுவட்டாரப் படுகர் ஊர்களிலிருந்து வந்திருந்த சிறு விவசாயிகள். வெள்ளைத் துணி போர்த்திய கிழவிகள் முன்வரிசையில். ரோட்டு நடுவே பச்சைத் தேயிலையைக் கொட்டி வைத்திருந்தார்கள். மிதிபட்ட இலையின் மணம், நான் பல மாதமாக மறந்திருந்த மணம், பஸ்ஸுக்குள் வந்தது.

“எப்பங்க விடுவாங்க?” என்று கண்டக்டரைக் கேட்டேன்.

“தாசில்தார் வரோணுமாம். வந்தாத்தான் எந்திரிப்பாங்களாம். அஞ்சு மணி ஆனாலும் ஆகுமுங்க.”

இறங்கினேன். அங்கிருந்து நடந்தால் இரண்டு மணி நேரம். இரண்டரையைத் தாண்டியிருந்தது. ஓடினால் முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே கற்களைத் தாண்டினேன். ஒருவர் என் தோளைப் பிடித்தார். ஐம்பது வயதிருக்கும், தலையில் வெள்ளைத் துண்டு. மறியலை நடத்துகிறவர் போலத் தெரிந்தது. மற்றவர்கள் அவரைப் பெள்ளி என்று கூப்பிட்டார்கள்.

“நடந்து போறவங்களையும் விடறதில்லைங்க. எங்க வயித்துப்பாடு இது” என்றார்.

கோபமாகப் பேச முடியவில்லை. சட்டைப்பையிலிருந்து பிலிமை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். “என்ற பொண்டாட்டி, பொண்ணுங்க... பின்னாடி பாருங்க... நாலு இருபத்திரண்டுக்குங்க...” என்று உளறினேன்.

அவர் பிலிமை வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஒரு கட்டம், அடுத்த கட்டம். திரும்ப முதல் கட்டம்.

“எந்தக் காடு?”

“ஏழாம் நம்பருங்க. பறிக்காம விட்டது.”

அவர் முகம் மாறியது. “எங்க தோட்டமும் அப்படித்தான் கெடக்குது” என்றார். பிறகு பின்னால் திரும்பிப் படுக மொழியில் என்னவோ சொன்னார். கிழவிகளில் ஒருத்தி எழுந்து நகர்ந்து உட்கார்ந்தாள்.

மறியலுக்கு அந்தப் பக்கம் அவருடைய ஜீப் நின்றது. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு லாரியின் டீசல் எஞ்சினைப் பொருத்தி, பின்பக்கத்தை மூட்டை ஏற்றுவதற்கு நீட்டி வைத்திருந்தார். இன்னொரு நாளாக இருந்தால் பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லியிருப்பேன். அன்று அது கிளம்பினால் போதும் என்று இருந்தது. மூன்றாவது உதறலில் கிளம்பியது.

நேர் ரோட்டில் முன்னால் இன்னொரு மறியல் இருந்தது. ஆகவே உள்வழியாகப் போனோம். மழை அரித்த மண்பாதை, ஆள் ஓடும் வேகத்தில்தான் ஜீப் நகர்ந்தது. என் மனதில் ஓடியதை இங்கே எழுதப்போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். தெய்வானை அன்று காலை என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள் என்று நினைவுபடுத்தப் பார்த்தேன். தேடும்போது யாராவது கேட்பார்களே என்று. நினைவு வரவில்லை.

குடை

காட்டின் முனையில் ஜீப் நின்றபோது நாலு மணி பத்து நிமிடம். பெள்ளி எஞ்சினை நிறுத்தவில்லை. சீட்டுக்கு அடியிலிருந்து செடி வெட்டும் கவாத்துக் கத்தி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

“நான் இங்கயே சத்தம் குடுத்துட்டு நிக்கறேன். ஓடாதீங்க. ஓடினா அதுக்கு ஆசை வந்துரும்.”

உள்ளே போனேன். இருபது அடியில் வெளிச்சம் குறைந்தது. தலைக்கு மேலே தேயிலைக் கிளைகள் கூரை மாதிரி சேர்ந்திருந்தன. கால் வைக்கும்போதெல்லாம் சருகு நொறுங்கியது. அந்தச் சத்தம் என்னுடையதா, வேறு எதனுடையதா என்று நின்று நின்று கேட்டேன். ஜீப்பின் சத்தம் கொஞ்ச தூரத்திலேயே அடங்கிவிட்டது. கத்திப்பிடி வழுக்கியது.

ஓடைக்கல்லுக்குச் சற்று முன்னால் குரல் கேட்டது. தெய்வானையின் குரல். சாதாரணமாக மெல்லப் பேசுகிறவள் அவள். அன்று தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஏழு மூணு?”

“இருபத்தொண்ணு!” ரம்யாவின் குரல். கூடவே டிபன் பாக்ஸைக் கரண்டியால் தட்டும் சத்தம்.

“ஏழு நாலு?”

“இருபத்தெட்டு!”

வளைவு திரும்பியதும் கண்டேன். முன்னால் ரம்யா என்னை நோக்கி வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் தெய்வானை. ஆனால் அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தாள். ஒரு கை பின்னால் நீண்டு ரம்யாவின் புத்தகப்பையைப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் விரித்த குடையை முன்னால் கேடயம் மாதிரி பிடித்திருந்தாள்.

“அப்பா!” என்றாள் ரம்யா.

தெய்வானை திரும்பவில்லை. “நிக்காத சாமி, நட. ஏனுங்க, நீங்களா?”

“நாந்தான்.”

“அங்கயே நில்லுங்க. ஓடியாராதீங்க. நாங்களே வர்றோம்.”

அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். ஓடைக்கல்லுக்கு அந்தப் பக்கம், பாதையின் நடுவில், அது உட்கார்ந்திருந்தது. பூனை உட்காருகிற மாதிரி, முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து. மஞ்சள். நான் பார்த்த கறுப்பு உருவத்துக்கு நிறம் வந்திருந்தது, அவ்வளவுதான். வால் நுனி மட்டும் அசைந்தது. குடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தது.

எத்தனை நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ரம்யா என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். தெய்வானையின் முதுகு என் மார்பில் வந்து இடித்தது. அவள் சேலை வியர்வையில் நனைந்திருந்தது. மலைக்குளிரில் அவ்வளவு வியர்வை. மூன்று பேரும் அப்படியே பின்னாலேயே அடி வைத்து நகர்ந்தோம். “ஏழு அஞ்சு?” என்றாள் தெய்வானை. ரம்யா பதில் சொன்னாள். எனக்கு ஏழாம் வாய்ப்பாடே மறந்துவிட்டது.

அது எழுந்தது. எங்களோடு கொஞ்ச தூரம் வந்தது. ஜீப்பின் சத்தம் கேட்கும் இடத்தில் நின்றது. பிறகு பார்த்தபோது பாதை காலியாக இருந்தது. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

ரோட்டுக்கு வந்ததும் தெய்வானை குடையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். குடையின் வெளிப்பக்கத்தை அப்போதுதான் நான் பார்த்தேன். தேயிலைப் பெட்டிக்குள் வைக்கும் பளபளப்பான ஈயத்தாளை வட்டமாக வெட்டி இரண்டு பெரிய கண்கள் ஒட்டியிருந்தாள். நடுவில் கரியால் கருவிழி.

“எப்பத்திலிருந்து தெரியும்?” என்றேன்.

“திங்கக்கிழமை பாத்தனுங்க. திரும்பிப் பாத்தா கல்லுகிட்ட நிக்குது. மறுநாள் இத ஒட்டுனேன்.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

அவள் ரம்யாவைப் பார்த்தாள். பெள்ளி ரம்யாவை ஜீப்பின் சீட்டில் தூக்கி வைத்து ஹாரனை அமுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“சொன்னா வேலைக்குப் போகவேண்டாம்பீங்க. நின்னுட்டா அப்புறம் நாம என்னங்க சாப்படறது?” என்றாள். “நீங்களும்தான் கேமரா வெச்சதை எங்கிட்டச் சொல்லல.”

பிறகு நடந்தவை

மறுநாள் வனத்துறை ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். காட்டுக்குள் கைவிடப்பட்டிருந்த இலை நிறுக்கும் கொட்டகையில் சிறுத்தை இரண்டு குட்டி போட்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். அவர்களில் வயதானவர் என் குறிப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வேட்டையாட நெனச்சிருந்தா ஆறு நாள் பொறுக்காதுங்க. குட்டிகிட்ட வராம உங்க ஊட்டுக்காரம்மாவ எல்லை வரைக்கும் கொண்டுவந்து உட்டிருக்குது.”

தெய்வானை அதைக் கேட்டுத் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் போன பிறகு, “அடுத்த நாளும் அதே எண்ணத்துல இருந்திருக்கும்னு அவருக்கு யாரு சொன்னாங்க?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பெள்ளி தன் ஊரிலிருந்து பதினைந்து பேரோடு வந்தார். எங்கள் லைனில் வேலையற்றிருந்தவர்களும் சேர்ந்துகொண்டோம். கொட்டகைப் பக்கத்தை விட்டுவிட்டு, பாதையின் இரண்டு பக்கமும் தேயிலையைப் பழையபடி இடுப்பளவுக்கு வெட்டினோம். குட்டிகளோடு அது ஒரு வாரத்தில் கீழ்ச்சோலைக் காட்டுக்குப் போய்விட்டது என்றார்கள். பரீட்சை முடியும்வரை நான் தினமும் இரண்டு வேளையும் அவர்களோடு நடந்தேன். வெட்டவெளியான பாதையில்கூடப் பின்னால் பார்க்காமல் பத்து அடி வைக்க எனக்கு முடியவில்லை.

அண்ணன் அந்தக் கடைசி இரண்டு கட்டத்தையும் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். நோண்டிகள் எல்லோரும் கண்காட்சிக்கு அனுப்பச் சொன்னார்கள். நான் அதை டிரங்குப் பெட்டியின் அடியில், துணிக்குக் கீழே வைத்தேன். தெய்வானை பார்க்கக் கூடாது என்று நினைத்தேன்.

பரீட்சை முடிந்த வாரம் ரம்யாவின் கம்பளிச் சட்டையைத் தேடும்போது தெய்வானை கையில் அது கிடைத்துவிட்டது. சிறுத்தை நிற்கும் படத்தை ஒரு நொடி பார்த்துக் கீழே வைத்தாள். அவளும் ரம்யாவும் நடந்து வரும் படத்தை ஜன்னல் பக்கம் கொண்டுபோய், வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

“ஏனுங்க” என்றாள். “நான் இத்தனை எளச்சா போயிட்டேன்?”

எழுந்து போய்ப் பார்த்தேன். ரவிக்கை தோளில் நிற்காமல் ஊக்குக் குத்தி இழுத்து வைத்திருந்தாள். கழுத்தெலும்பு இரண்டும் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. அந்தப் படத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மூலையில் இருந்த மணியைத்தான் பார்த்திருக்கிறேன்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். படம் கையில் இருக்கும்போது எப்படிச் சொல்வது?

மறுநாள் முதல் பஸ்ஸில் கோயம்புத்தூர் இறங்கினேன். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளில் வரிசையாக ஏறி வேலை கேட்டேன். நாலாவது கடையில் திங்கட்கிழமை முதல் வேலைக்கு வரச் சொன்னார்கள்.